நாற்காலி இல்லாத அரண்மனைகள்

அண்ணா சாலையைக் கடக்கும்போதெல்லாம் பழைய ஸ்பென்சர் கட்டடத்தை எண்ணிப் பெருமூச்சு விடும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்த அம்மாளிகை 1980களில் தீக்கிரையானதோடு சென்னையில் அங்காடிக் கட்டடக் கலையே முடிந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி. தியாகராய நகரின் துணிக்கடைகள் அவர்களுக்கு வெறும் கண்ணாடிப் பெட்டிகள். இந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. கட்டடத்தை வாடிக்கையாளர் வாசலில் நின்று மட்டுமே பார்ப்பவர்களின் புலம்பல் இது.

பல்பொருள் அங்காடியின் வரலாற்றைப் பாரிசின் ‘போன் மார்ஷே’யிலிருந்து தொடங்குவது மரபு. அரிஸ்தித் பூசிக்கோ 1869இல் தொடங்கிய கட்டடம் 1887இல் முழுமையடைந்தது. வரைந்தவர்களுள் முதன்மையானவர் லூயி-ஷார்ல் புவாலோ. இரும்புப் பணியில் குஸ்தாவ் ஈஃபெலுக்கும் பங்குண்டு. பாரத்தை இரும்பு ஏற்றதால் சுவர்கள் விலகின; கண்ணாடிக் கூரை வழியே பகலொளி கீழ்த்தளம்வரை இறங்கிற்று. கலை வரலாறு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். ஆனால் அதே கட்டடத்தின் உச்சியில், சிற்றறைகளில், மணமாகாத விற்பனைப் பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்தனர். எமிலி ஸோலா இத்தகைய அங்காடிகளை நேரில் ஆராய்ந்து 1883இல் எழுதிய நாவலின் நாயகி தெனீஸ், அப்படியொரு அறையில்தான் இரவைக் கழிக்கிறாள். வரலாற்றாசிரியர் விட்ட அறைக்குள் நாவலாசிரியர் நுழைந்தார்.

அப்பெண்களின் கால்கள் சட்டத்தின் கண்ணில் படப் பல ஆண்டுகள் ஆயின. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று இங்கிலாந்து 1899இல் சட்டம் செய்தது. பெண் ஊழியர் எத்தனை பேரோ அத்தனை இருக்கை வேண்டும் என்றது பிரான்சின் 1900ஆம் ஆண்டுச் சட்டம். தமிழகக் கடை ஊழியருக்கு இருக்கை வேண்டும் எனச் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்.

இடையில் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போன மாணவி ஒருத்தி ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “லிப்ட்டு கஸ்டமருக்கு மட்டும்தான் சார். கேமரா இல்லாத படிக்கட்டுதான் எங்களுக்கு நாற்காலி.” அக்கட்டடத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் வாசித்ததில்லை. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியதும் இந்தப் பின்புறத்தைத்தான். 2008இல் ரங்கநாதன் தெருவில் பல மாடிக் கடையொன்று எரிந்தபோது மாண்டவர்கள் ஊழியர் இருவர். 2017இல் உஸ்மான் சாலையில் மற்றொன்று எரிந்து, இடிக்கப்பட்டது. இவற்றுக்காக எந்த அழகியல்வாதியும் பெருமூச்சு விடவில்லை.

“நாற்காலி போடுவது சட்டத்தின் வேலை; அதற்கும் கட்டடக் கலைக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கலாம். நாற்காலிக்கு இடம் வேண்டும். அந்த இடம் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு சதுர அடியும் அலமாரிக்கென்றே வரையப்பட்ட தளத்தில், பின்னர் போடும் முக்காலி வழிமறிக்கும் பொருளாகிவிடும். முதல் பண்டிகைக் கூட்டத்திலேயே அதைத் தூக்கிவிடுவார்கள். ஊழியர் உட்காரவும் உண்ணவும் தீயிலிருந்து தப்பவும் வழி வகுப்பது கட்டடக் கலையன்றி வேறென்ன?

எதிர்காலம் இணைய வணிகத்தின் கையில் என்கிறார்கள். அதன் அங்காடி, நெடுஞ்சாலையோரத்துத் தகரக் கிடங்கு. அங்கே வாடிக்கையாளர் கால் வைப்பதில்லை. ஆகவே மயக்கும் குவிமாடமும் தேவையில்லை. அக்கட்டடத்தின் ஒரே மனிதவாசி ஊழியர்தான். அப்போதும் அவருக்கு நாற்காலி வரையப்படாவிட்டால், இத்தனை காலமும் வாடிக்கையாளரைக் காரணம் காட்டியது வெறும் சாக்கு என்பது அம்பலமாகும்.

நண்பர்களே, அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது கூரை விளக்குகளை ரசியுங்கள், தவறில்லை. பிறகு, உங்களுக்குச் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஓர் இருக்கை தெரிகிறதா என்றும் பாருங்கள். அந்தக் கட்டடம் நல்ல கட்டடமா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.