வெள்ளைத் தாளாய்த் தெரியும் வரைபடங்கள்

லினக்ஸ் கணினி ஒன்றில் ஒரு கோப்புறையைத் திறந்தால், அதிலுள்ள ஒளிப்படங்கள் அந்தந்தப் படமாகவும் பிடிஎஃப் ஆவணங்கள் தத்தம் முதற்பக்கத்தின் சிற்றுருவாகவும் தெரிய, பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் அன்றாடம் கையாளும் டிடபிள்யூஜி வகைக் கோப்புகள் மட்டும், பெரும்பாலான நிறுவல்களில், எதுவும் எழுதப்படாத வெள்ளைத் தாளின் சின்னத்தோடு நிற்கின்றன. ஒரு பாலத்தின் அடித்தளமும், ஒரு மருத்துவமனையின் தீயணைப்புக் குழாய் அமைப்பும், ஒரு பம்பின் உறையும் அங்கே ஒன்றுபோலவே தெரிகின்றன. கோப்பைத் திறக்காமலே அதன் உள்ளடக்கத்தைக் காட்டும் இந்தச் சிற்றுருவை முன்தோற்றம் என்கிறோம். அது இல்லாததை ஒரு சிறு வசதிக் குறைவாகக் கருதி ஒதுக்குவதே இதுவரை வழக்கமாக இருந்துவருகிறது. பொதுப்பணத்தில் வரையப்பட்ட வரைபடத்தைப் பார்ப்பதற்கு ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் தேவைப்படுகிறது என்பதே அந்த வெள்ளைத் தாளின் பொருள் என்பதால், அவ்வாறு ஒதுக்குவது தவறு.

முன்தோற்றம் உருவாகும் முறை எளியது. க்னோம், கேடிஇ முதலிய திறந்த மூல மேசைத்தளங்கள் பின்பற்றும் பொது விதிப்படி, கோப்பு மேலாளர் ஒரு கோப்பைக் கண்டவுடன் அதன் வகையை அறிந்து, அந்த வகைக்கெனப் பதிவு செய்யப்பட்ட சிறு நிரலை அழைக்கிறது. அந்த நிரல் 128 அல்லது 256 புள்ளி அகலமுள்ள ஒரு படத்தை உருவாக்கித் தர, அது பயனரின் தற்காலிகச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டு அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் காட்டப்படுகிறது. க்னோமில் புதிய கோப்பு வகை ஒன்றைச் சேர்க்க, எந்த வகைக்கு எந்த நிரலை எப்படி அழைப்பது என்று சொல்லும் சில வரிக் குறிப்பே போதும். பிடிஎஃப் கோப்புக்கு அந்த நிரலை எழுத முடிந்ததற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு ஊரறிந்த செய்தியாக இருப்பது. டிடபிள்யூஜி கோப்புக்கு எழுதுவது கடினமாக இருப்பதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பை உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் இன்றுவரை வெளியிடாதது.

இத்தனைக்கும் பூட்டிய அந்தப் பெட்டியின் மேற்புறத்தில் ஒரு சிறு சாளரம் இருக்கவே செய்கிறது. டிடபிள்யூஜி கோப்பு ஒன்றைப் பைட் பைட்டாகக் காட்டும் கருவியால் திறந்தால், முதல் ஆறு பைட்டுகள் ‘ஏசி1032’ என்பது போன்ற ஒரு குறியீடாக இருப்பதைக் காணலாம். ஏசி1015 எனில் ஆட்டோடெஸ்கின் வரைவு மென்பொருளான ஆட்டோகேட் 2000இன் வடிவம், ஏசி1018 எனில் 2004இன் வடிவம், ஏசி1032 எனில் 2018இன் வடிவம் என்று அதிலிருந்தே பதிப்பை அறியலாம். தொடக்கத்திலிருந்து 13 பைட்டுகளைக் கடந்தால் வரும் நான்கு பைட்டுகள், முன்தோற்றப் படம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்னும் முகவரியைத் தருகின்றன. அந்த இடத்துக்குச் சென்றால், எல்லைக்கல் போல நடப்பட்ட 16 பைட் அடையாளத் தொடர் ஒன்றும், அதனை அடுத்துப் பழைய கோப்புகளில் பிஎம்பி வகையிலும் 2013ஆம் பதிப்பு முதல் பிஎன்ஜி வகையிலும் ஒரு சிறிய படமும் காணப்படும். வரைபடத்தின் ஒரு கோட்டைக்கூடப் புரிந்துகொள்ளத் தேவையின்றி இந்தப் படத்தை மட்டும் உருவி எடுத்துவிடலாம். க்னு திட்டத்தின் லிப்ரேடிடபிள்யூஜி நூலகத்தோடு வரும் சிறு கருவி ஒன்று இந்த வேலையைத்தான் செய்கிறது.

இவ்வளவு எளிதான ஒன்று வழக்கமான நிறுவல்களில் இடம்பெறாதிருப்பதற்கு மேசைத்தளங்களை உருவாக்குவோரும் பொறுப்பேற்க வேண்டும். பாதுகாப்பு குறித்த அவர்களுடைய தயக்கம் பொருளற்றதன்று. முன்தோற்ற நிரல் கோப்புறை திறந்தவுடன், பயனர் எதையும் சொடுக்காமலே இயங்குவது. விண்டோஸ் வகைக் கோப்புகளுக்கு லினக்ஸில் முன்தோற்றம் காட்டிய ஒரு நிரலில், கோப்பின் பெயருக்குள்ளேயே கட்டளையை ஒளித்துவைத்து அதை இயங்கச் செய்யக்கூடிய ஓட்டை 2017இல் கண்டுபிடிக்கப்பட்டது. லிப்ரேடிடபிள்யூஜி நூலகத்திலும், வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட கோப்புகளைக் கொடுத்துச் சோதித்தபோது நினைவகப் பிழைகள் பல வெளிப்பட்டிருக்கின்றன. ஆனால் இதற்கான தீர்வும் அதே 2017இல் க்னோமில் வந்துவிட்டது: முன்தோற்ற நிரலை, வலைத்தொடர்போ பயனரின் பிற கோப்புகளோ எட்டாத ஒரு தனிக் கூண்டுக்குள் அடைத்து, ஒரு கோப்பை வாங்கி ஒரு படத்தைத் திருப்பித் தருவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாதபடி இயக்குவது. அந்தக் கூண்டு இருக்கும்போது, உட்பொதிந்த படத்தை எடுத்துக் காட்டும் சிறு நிரலைத் தள்ளிவைக்கப் போதிய காரணம் இல்லை.

ஆயினும் அந்தச் சிறு சாளரத்தோடு நிறைவடைந்துவிடுவது ஆபத்தானது. உட்பொதிந்த படம், வரைபடத்தைக் கடைசியாகச் சேமித்த மென்பொருள் விரும்பி வைத்துச் சென்ற ஒரு குறிப்பு மட்டுமே. முன்தோற்றத்தைச் சேமிக்க வேண்டாம் என்று ஆட்டோகேடிலேயே அமைத்துவிடலாம். அப்போது அங்கே படமே இராது. வேறொரு மென்பொருள் கோடுகளைத் திருத்திவிட்டுப் படத்தைப் பழையபடியே விட்டுவிடவும் கூடும். ஒரு வார்ப்பாலையில் பம்பு உறையின் வரைபடம் மூன்றாம் திருத்தத்திலிருந்து நான்காம் திருத்தத்துக்குச் சென்று, போல்ட் துளைகள் ஆறிலிருந்து எட்டாக மாறியிருக்க, முன்தோற்றம் மட்டும் ஆறு துளைகளையே காட்டினால், அந்தப் படத்தை நம்பிக் கோப்பைத் தேர்ந்தெடுப்பவர் தவறான வார்ப்புக்கு வித்திடுவார். கோப்பு மாறிய நேரத்தைப் பார்த்து மேசைத்தளம் தன் சேமிப்பிலுள்ள சிற்றுருவைப் புதுப்பித்துக்கொள்ளும் என்றாலும், கோப்புக்குள்ளேயே இருக்கும் படம் பழையது என்பதை அது அறிய வழியில்லை. எனவே நம்பத் தகுந்த முன்தோற்றம், உண்மையான கோடுகளையும் வட்டங்களையும் படித்து வரைவதாக இருக்க வேண்டும். அதற்குக் கோப்பின் முழு அமைப்பும் தெரிந்தாக வேண்டும். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் முதன்முதலாக வெளியானபோதே, பிற மென்பொருள்களோடு வரைபடத்தைப் பகிர்ந்துகொள்ள டிஎக்ஸ்எஃப் என்னும் இன்னொரு வடிவம் அதனுடன் தரப்பட்டது. அதன் விவரக்குறிப்பை நிறுவனம் வெளியிட்டும் வருகிறது. ஆனால் உலகம் முழுவதும் கைமாறுவது பெரும்பாலும் டிடபிள்யூஜிதான், அது மூடியே இருந்தது. அதன் உள்ளமைப்பும் 2000, 2004, 2007, 2010, 2013, 2018 என்று அடுத்தடுத்து மாறியது. 2004இன் வடிவத்தில் கோப்பின் தலைப்பகுதி விவரங்களே மறைகுறியாக்கப்பட்டன, 2007இன் வடிவத்திலோ குறுவட்டுகளில் கீறல்களைச் சமாளிக்கப் பயன்படும் ரீட்–சாலமன் பிழைதிருத்த முறை தரவின் மேல் போர்த்தப்பட்டது. இவற்றுக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து படிக்க முயன்றவர்கள் ஒவ்வொரு முறையும் கோப்புகளை ஒப்பிட்டு, ஊகித்து, சோதித்து முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது என்பதே அவற்றின் விளைவு. 1998இல் தொடங்கப்பட்டு இன்று ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்று அறியப்படும் கூட்டமைப்பு, இவ்வாறு தானே கண்டறிந்த டிடபிள்யூஜி விவரக்குறிப்பை யாரும் படிக்கும்படி வெளியிட்டது பெரும் தொண்டு. அதன் மென்பொருள் நூலகங்களோ கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கே உரியவை.

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2006 நவம்பரில் அந்தக் கூட்டமைப்பின் மீது வழக்குத் தொடுத்தது. தன் மென்பொருளில் சேமிக்கப்பட்டது என்று உறுதிகூறும் ஒரு வாசகத்தைத் தன் கோப்புகளில் அது பொதிந்து வந்தது. அதே வாசகத்தைக் கூட்டமைப்பின் நூலகமும் எழுதியது வணிகக்குறி மீறல் என்பது அதன் வாதம். 2007இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. டிடபிள்யூஜி என்னும் மூன்றெழுத்துச் சொல்லையே வணிகக்குறியாகப் பதிவு செய்ய அந்நிறுவனம் மேற்கொண்ட முயற்சியை அமெரிக்க வணிகக்குறி அலுவலகம் மறுத்தது. பின்னர் கூட்டாட்சி நீதிமன்றமும் அந்த மறுப்பையே உறுதி செய்தது. கோப்பு வகையின் பெயர் எல்லாருக்கும் பொது என்றால், அந்த வகைக் கோப்பைப் படிக்கும் அறிவு மட்டும் ஒருவருக்கே உரியதாக ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

நிறுவனத்தின் பக்கம் சொல்லப்படும் வாதத்தையும் கேட்க வேண்டும். பிறர் எழுதும் பிழையான கோப்புகள் ஆட்டோகேடைச் செயலிழக்கச் செய்தால் பழி தன்மீதே விழும் என்பதும், வடிவத்தைத் திறந்துவிட்டால் புதுமை செய்யும் வேகம் குறையும் என்பதும் அதன் சாரம். முதலாவது, பிழையான கோப்புக்கு உண்மையான காரணம் சரியான விவரக்குறிப்பு கிடைக்காததே என்பதால் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு அடோபி நிறுவனத்தின் அனுபவமே பதில்: பிடிஎஃப்பின் விவரக்குறிப்பை 1993 முதலே வெளியிட்டுவந்த அந்நிறுவனம் பிறகு அதைப் பன்னாட்டுத் தர அமைப்பிடமே ஒப்படைக்க, 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்னும் தரமாயிற்று, அதனால் அடோபியின் வணிகம் அழிந்துவிடவில்லை. லினக்ஸின் எவின்ஸ், ஒக்குலர் ஆகிய மென்பொருள்கள் யாரிடமும் கேளாமல் இன்று பிடிஎஃப்பைக் காட்டுவது அந்த முடிவின் பயன்.

இலவசப் பார்வை மென்பொருள் இருக்கிறதே என்றும் கூறுவர். ஆட்டோடெஸ்க் தரும் ட்ரூவியூ விண்டோஸில் மட்டும் இயங்குவது. உலாவி வழியாகப் பார்க்கும் வசதிக்கு வரைபடத்தை நிறுவனத்தின் வழங்கிக்கு ஏற்றியாக வேண்டும். ஒரு குடிநீர் நிலையத்தின் வரைபடத்தையோ, வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த அச்சுவார்ப்பின் வரைபடத்தையோ, அது எது என்று பார்ப்பதற்காக மட்டும் வெளியார் கணினிக்கு அனுப்பும்படி எவரையும் கேட்பது முறையன்று.

கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் பங்குக் குறையையும் மறைக்கக் கூடாது. லிப்ரேடிடபிள்யூஜி நூலகம் ஜிபிஎல் உரிமத்தின் 3ஆம் பதிப்பிலும், இருபரிமாண வரைவுக்குப் பரவலாகப் பயன்படும் லிப்ரேகேட் மென்பொருள் 2ஆம் பதிப்பிலும் இருக்க, இரண்டையும் ஒன்றாக இணைத்து வழங்க உரிம விதிகள் இடந்தரவில்லை. இரண்டையும் உருவாக்குவோர் ஒரே நோக்கத்துக்காக உழைப்பவர்கள். உரிமத்தின் எண் அவர்களைப் பிரித்து வைத்திருப்பது வேதனை தருகிறது. நல்வாய்ப்பாக, முன்தோற்ற நிரல் தனியாக இயங்குவது. கோப்பு மேலாளரோடு பின்னிப் பிணையாதது. அதனால் இந்தத் தடை அதற்குப் பொருந்தாது.

இந்தியச் சட்டம், மூடிய வடிவத்தை வெளியிலிருந்து படிக்கும் இந்த முயற்சிக்குத் துணையாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 52(1)(ஏபி) உட்பிரிவு, முறைப்படி மென்பொருளைப் பெற்றவர், தனித்து உருவாக்கப்பட்ட இன்னொரு மென்பொருள் அதனோடு இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதை அறிவதற்காகச் செய்யும் செயலைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2010 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையோ, ஒரு தரத்தின் விவரக்குறிப்பு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், அதைப் பேணுவது இலாப நோக்கற்ற அமைப்பாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது. டிடபிள்யூஜி இந்த இரண்டில் ஒன்றையும் நிறைவு செய்யவில்லை. சென்னையிலுள்ள சிடாக் மையம் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையே உருவாக்கி அரசு அலுவலகங்களுக்கு அளித்துவரும் நாட்டில், கட்டட அனுமதி கோருவோரிடம் டிடபிள்யூஜி கோப்பைக் கேட்கும் உள்ளாட்சிகள் இன்னும் இருப்பது கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. மாற்று வழியைத் தேடி வெளிநாடு செல்லவும் வேண்டியதில்லை: பெங்களூரைச் சேர்ந்த இகவ் அறக்கட்டளையின் திறந்த மூலக் கட்டட அனுமதி மென்பொருள், டிஎக்ஸ்எஃப் கோப்பை வாங்கியே விதிகளைச் சரிபார்க்கிறது.

எனவே மத்திய, மாநில அரசுகள் தம் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். பொதுப்பணத்தில் வரையப்படும் எந்த வரைபடமும், அதை வரைந்த மென்பொருளின் சொந்தக் கோப்போடு, இருபரிமாணம் எனில் டிஎக்ஸ்எஃப்பிலும் முப்பரிமாணம் எனில் ஐஎஸ்ஓ 10303 என்னும் ஸ்டெப் வடிவிலும், பார்வைக்குப் பிடிஎஃப்பிலும் சேர்த்தே ஒப்படைக்கப்பட வேண்டும். டிஎக்ஸ்எஃப்பும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அதில் எல்லா விவரமும் அடங்காது என்பன உண்மையே; அதன் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டிருப்பதும் எளிய உரைக்கோப்பாக அதை எழுதிப் படிக்க முடிவதும் இன்றைக்கு அதைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணங்கள். லிப்ரேடிடபிள்யூஜி போன்ற நூலகங்களின் பிழைகளைக் களையும் பணிக்கு, மென்பொருள் உரிமங்களுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை அரசுகள் தர வேண்டும். வரைபடத்தைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர், எந்த வணிக வரைவு மென்பொருளும் நிறுவப்படாத ஒரு பாஸ் கணினியில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்த பின்னரே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். திறந்த வடிவ நகல்கள் அங்கே கோடும் அளவுமாகத் தெரியாமல் வெள்ளைத் தாள்களின் வரிசையே தெரிந்தால், வேலை இன்னும் ஒப்படைக்கப்படவில்லை என்றே அவர் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும்.