தவணையை நீட்டினால் மட்டும் போதுமா?

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றி நிற்கும் பட்டா லொறிகளில், ஓட்டுபவர்தான் முதலாளி என்று ஊர் சொல்லும். பல லொறிகளின் பதிவுப் புத்தகமோ லீசிங் கம்பனியின் பெயரைச் சொல்லும். உக்குவெல மசாலா ஆலையின் அரைக்கும் இயந்திரத்துக்கும், கலேவெல வயலில் இறங்கும் நெல் வெட்டும் மெஷினுக்கும் இதே கதைதான்.

மாத்தளை மாவட்டத்துச் சிறு தொழில்காரர்கள் அடிமேல் அடி வாங்கியவர்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளோடு சீகிரியா பக்கம் வான் ஓட்டியவர்களின் வருமானம் படுத்தது. அடுத்த ஆண்டு கொரோனா. 2022இல் டீசல் வரிசையில் லொறி நாட்கணக்கில் நின்றது. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. அரசு சலுகைக் காலம் கொடுத்தது உண்மை. ஆனால் தள்ளிவைத்த தவணைக்கும் வட்டி ஏறியதைப் பலர் பிந்தித்தான் கண்டுகொண்டார்கள்.

தவணையைத் தள்ளிவைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. கையில் காசு இறுகினால் கம்பனிக்குப் போய், "காலத்தைக் கொஞ்சம் கூட்டித் தாங்க சேர்" என்கிறார்கள். வட்டியைப் பற்றி வாய் திறப்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியதே அதைத்தான்.

2023 மார்ச்சில் மத்திய வங்கியின் துணைநில் கடன்வசதி வீதம் 16.5 சதவீதம். 2024 நவம்பரில் அறிமுகமான ஒற்றைக் கொள்கை வீதம் 8 சதவீதம். 2025 மே மாதத்தில் 7.75. சந்தை வட்டி இப்படிச் சரிந்தும், உச்சத்தில் கையெழுத்தான ஐந்தாண்டு லீசிங் ஒப்பந்தம் பழைய வட்டியிலேயே ஓடுகிறது. கம்பனிகளுக்கு வரும் வைப்புப் பணத்தில் பெரும்பங்கு ஓராண்டுக்குள் முதிர்வது. கூடிய வட்டிக்கு வாங்கிய வைப்புகளை அவை எப்போதோ குறைந்த வட்டிக்கு மாற்றிவிட்டன. லொறிக்காரருக்கு மட்டும் ஏன் 2023 இன்னும் முடியவில்லை?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 இலட்சம் ரூபாய், 20 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 79,500. 24 தவணை கட்டி முடித்தவருக்கு இன்னும் சுமார் 21 இலட்சத்து 39 ஆயிரம் பாக்கி. அதே வட்டியில் அதை மீண்டும் 60 மாதத்துக்கு நீட்டினால் தவணை 56,700 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் 5 இலட்சத்து 38 ஆயிரம் கூடுதலாகப் போகும். வட்டியை 14 ஆக இறக்கி 48 மாதம் கேட்டால் தவணை 58,400. கைக்கு மிஞ்சுவது கிட்டத்தட்ட அதே தொகைதான். மொத்தச் செலவோ பழைய ஒப்பந்தத்தை விட 56 ஆயிரம் குறைவு. இந்தக் கணக்கைக் கம்பனி மேசையில் யாரும் தாமாகப் போட்டுக் காட்டமாட்டார்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். மூன்று தவணை தவறி, தாமத வட்டி ஏறி, கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் பெயர் கெட்ட பிறகு போனால் பேரம் பேச என்ன இருக்கிறது? ஒழுங்காகக் கட்டிவரும்போதே போக வேண்டும். வேறொரு கம்பனியின் குறைந்த வட்டிக் கடிதத்தையும் கையில் கொண்டுபோனால் மனேஜர் கதிரையைக் காட்டிப் பேசுவார்.

வயலோடு பிழைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நெல் வெட்டும் மெஷின் உழைப்பது பெரும்போக, சிறுபோக அறுவடைகளில். பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை என்பது அதன் உழைப்புக்குப் பொருந்தாத ஏற்பாடு. அறுவடை மாதங்களில் கூட்டியும் மற்ற மாதங்களில் குறைத்தும் கட்டும் அட்டவணையைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

அரசின் பங்கும் இதில் அரைகுறை. வங்கிகள் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் பராட்டே அதிகாரத்தை 2024இல் நிறுத்திவைத்து, பிறகு 2025 மார்ச் வரை நீட்டினார்கள். லீசிங் லொறிக்கு அந்தக் குடை இருக்கவில்லை. சட்டப்படி அது கம்பனியின் சொத்து. 2024இலேயே தொழில் மீட்புப் பிரிவுகளை அமைக்கும்படி மத்திய வங்கி சொன்னதும் வங்கிகளுக்குத்தான். நிதிக் கம்பனிகளுக்கும் அந்தக் கடமையை விதிக்க வேண்டும். இல்லையேல் மீட்புத் திட்டம் பட்டா லொறிக்காரரின் வாசலுக்கு வரவே வராது.

அதுவரை, மாற்றிய ஒப்பந்தத்தை எழுத்தில், தமிழில் கேட்டு வாங்குவது நல்லது. புதிய மொத்தத் தொகையும், இடையில் கட்டி முடித்தால் கழிக்கப்படும் வட்டியும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கம்பனி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935.