புகார் கொடுக்க முடியாதவர்களின் பட்டியல்

எங்கள் கடையில் அதிகம் திருடு போவது பீர். அதிகம் ஏமாந்து வாங்கப்படுவது கிஃப்ட் கார்டு. அட்லாண்டாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் இரவு கல்லாவில் உட்காருகிறவன் நான். காதிலிருந்து போனை எடுக்காமலே ஒருவர் ஐநூறு டாலர் கார்டுகளாகப் பொறுக்குகிறார் என்றால் மறுமுனையில் யார் என்பது எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் வயதானவர்கள்தான். கேட்டால் சொல்லிவிடுவார்கள்: பேரன் ஜெயிலில் மாட்டிக்கொண்டானாம், வரித்துறையிலிருந்து பேசுகிறார்களாம். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் பலர் கார்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வாயே திறக்காத இன்னொரு வகை உண்டு. போன குளிர்காலத்தில் அப்படி ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பூட்ஸில் சிமென்ட் காய்ந்திருந்தது. ரசீதின் பின்புறம் 'போலீஸா?' என்று எழுதி நீட்டினேன். தலையசைத்தார். ஷெரிப் அலுவலகம் பக்கத்தில்தானே இருக்கிறது, நேரில் போய்க் கட்டுங்கள் என்று எழுதினேன். என் பேனாவை வாங்கி, 'போனால் உள்ளே வைத்துவிடுவார்கள்' என்று எழுதினார். வெகுநேரம் கழித்து போனை வைத்தவர், வாசலில் நின்று சொன்னார்: பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. எனக்கும் மகள் இருக்கிறாள். என் கால் ஓரடி பின்னால் போனது.

1994-இல் நியூஜெர்சியில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமியைக் கொன்றவன், ஏற்கெனவே தண்டனை பெற்று எதிர்வீட்டில் குடியிருந்தவன். அது தெரியாமல் போயிற்றே என்ற பெற்றோரின் கோபத்தில் பிறந்ததுதான், இந்தப் பதிவேட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 1996-இன் மேகன் சட்டம். அந்தக் கோபத்தை யாரால் குறை சொல்ல முடியும்? இன்று அமெரிக்கப் பதிவேடுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருடைய படம், முகவரி, செய்த குற்றம் எல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. பெயரும் முகவரியும் இருந்தால் மோசடிக்காரர்களுக்குப் போன் நம்பரைப் பிடிப்பது பெரிய காரியமல்ல.

அப்புறம் நாடகம். திரையில் ஷெரிப் அலுவலகத்தின் எண்ணே தெரியும்படி செய்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே வேலை பார்க்கும் அதிகாரியின் பெயரைச் சொல்கிறார்கள். டிஎன்ஏ மாதிரி கொடுக்கத் தவறிவிட்டீர்கள், வாரண்ட் பிறந்துவிட்டது, பிணைத்தொகையை உடனே கட்டுங்கள், விசாரணை முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். போனை வைத்தாலோ யாரிடமாவது சொன்னாலோ கைது.

நம்ம ஊர் 'டிஜிட்டல் கைது' மோசடிக்கு இது உறவுதான். ஆனால் அங்கே திருடன் பார்சலில் போதைப்பொருள் என்று ஒரு குற்றத்தைக் கற்பனை செய்தாக வேண்டும். இங்கே அந்தச் சிரமமும் இல்லை. குற்றம் நிஜம், அரசாங்கமே வெளியிட்டிருக்கிறது. மிரட்டலும் பாதி நிஜம். அமெரிக்க மத்தியச் சட்டப்படி வீடோ வேலையோ மாறினால் 3 வேலை நாளுக்குள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடும் குற்றப் பிரிவினர் ஆயுள் முழுக்க 3 மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். தவறினால் 10 ஆண்டு வரை சிறை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறு. 'நான் எதையும் தவறவிடவில்லை' என்று அடித்துச் சொல்ல அவர்களில் யாருக்கும் தைரியம் வராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2016-இல் எங்கள் ஜார்ஜியாவின் ஆட்ரி சிறையில், கடத்திக் கொண்டுவந்த செல்போன்களை வைத்துக்கொண்டு, 'ஜூரி பணிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது' என்று வெளியே இருப்பவர்களை போலீஸ் குரலில் மிரட்டிப் பணம் பறித்ததாகக் கைதிகள் மீது வழக்குப் பதிவானது. போலீஸாகப் பேசியவனே கம்பிக்குள் இருந்தான்.

'இவர்கள் ஏமாந்தால் நமக்கென்ன, வேண்டும்தான்' என்று என்னோடு வேலை பார்ப்பவர் சொல்கிறார். அவர் மட்டுமா சொல்கிறார்? ஆனால் பறிபோகும் பணம் பல வீடுகளில் தாயினுடையது, மனைவியினுடையது. அது போய்ச் சேர்வது பாதிக்கப்பட்ட குழந்தைக்கல்ல, இன்னொரு குற்றவாளிக்கு. அதைவிட முக்கியமானது ஒன்று: போலீஸ் கூப்பிட்டால் இவர்கள் வர வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதிவேடு என்ற ஏற்பாடே அதில்தான் நிற்கிறது. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை உண்மையான அதிகாரி கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். அதில் நஷ்டம் என் மகளுக்கும்தான்.

2018-இல் இந்தியா தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தில் அப்போதே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே அதைப் பார்க்க முடியும். அதைப் பொதுவில் திறந்துவிடு என்று கேட்பவர்கள், முதலில் அதைத் திறந்து பார்க்கப்போவது யார் என்று யோசிக்கட்டும். பக்கத்து வீட்டுத் தகப்பனைவிட மோசடிக்காரனுக்குத்தான் அவசரம் அதிகம்.

இங்கே பட்டியலை மூடப்போவதில்லை, மூடு என்று நானும் கேட்கவில்லை. ஆனால் ஷெரிப் அலுவலகங்கள் இந்த மோசடி பற்றிய எச்சரிக்கையைப் பெரும்பாலும் பேஸ்புக்கில் போடுகின்றன. தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகள் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பேஸ்புக்கின் விதி! யாருக்கு எச்சரிக்கையோ அவர்கள் மட்டும் அதை எளிதில் பார்க்க வழியில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர்கள் வருடம் தவறாமல் அதே அலுவலகத்தின் ஜன்னலில் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் காகிதத்திலேயே இரண்டு வரி சேர்த்துக் கையில் ஒரு நகல் கொடுக்கலாம்: போனில் நாங்கள் பணம் கேட்க மாட்டோம், கேட்டால் வைத்துவிட்டு இந்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள்.