ஆண் நாய்க்குக் கருத்தடை: எங்கள் நிலைப்பாடு

"ஆண் நாய்தானே, அதுவா குட்டி போடப் போகிறது?" திருவனந்தபுரத்தில் எங்கள் தொண்டர்கள் வீடு வீடாகக் கேட்டுச் சலித்த கேள்வி இது. ஒரு மழைக்காலத்தில், கரமனையில் பூட்டிய கடை வாசலில், நனைந்து ஊறிய அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஐந்து குட்டிகளை எடுத்தோம். தாய் தெருநாய். மூன்று குட்டிகளுக்கு லாப்ரடாரின் அகன்ற மண்டை, தடித்த வால். தகப்பனை வளர்க்கும் வீட்டாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

கேட்டைத் தாண்டித் தனியே போகும் எந்த ஆண் நாய்க்கும் கருத்தடை செய்தே ஆக வேண்டும் என்கிறோம். "ராத்திரி அவிழ்த்துவிட்டால் விடிவதற்குள் வந்துவிடும்" என்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாயின் கருத்தடை உரிமையாளரின் பொறுப்பு. ஊர் சுற்றும் நாய் நோயும் வாங்கி வரும். இணைசேரும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி அதில் ஒன்று. குறி நுனியில் ரத்தம் சொட்டும். மூத்திரக் கோளாறு என்று நினைத்துப் பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். பிறகு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று பல வாரம் அலைச்சல். 2021-இல் அடிமலத்துறைக் கடற்கரையில் அடித்துக் கொல்லப்பட்ட புரூனோ என்ற நாயும் ஒரு வீட்டு லாப்ரடார்தான். வெளியே நிற்கும் நாய்க்கு மனிதர்களாலும் ஆபத்து.

வாரைப் பிடித்து மட்டுமே வெளியே கூட்டிப்போகும் நாய்க்கு அவசரம் வேண்டாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் ஒரு வயதுக்குள் விதை நீக்கினால் மூட்டுக் கோளாறு கூடுவதாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எலும்பு வளர்ந்து முடியட்டும். பிறகு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஆனால் விதை கீழே இறங்காத நாய்க்கு அறுவை சிகிச்சையைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே தங்கிய விதையில் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

கடிக்கும் புத்தி போய்விடும் என்று நம்பி ஆபரேஷனுக்குக் கொண்டுவராதீர்கள். ஊர் சுற்றுவதும் கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும் குறையலாம். பயந்து கடிக்கிற நாய்க்கோ பயம் கூடவும் செய்யலாம். அதற்குப் பொறுமையாகப் பழக்குவதுதான் மருந்து.

ஆபரேஷன் முடிந்ததும் சோற்றளவைக் கொஞ்சம் குறையுங்கள், எடை ஏறிவிடும். உடம்பில் எஞ்சிய விந்து சில வாரம் தங்கும். அதனால் ஒரு மாதமாவது நாயைப் பெட்டை நாய்களிடம் விடாதீர்கள்.