பணம் விற்றவனுக்கு, கடன் தொழிலாளிக்கு, வீடு கரையானுக்கா?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிற தொழிலாளிக்கும், பாரூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிற கூலிக் குடும்பத்துக்கும் ஆசை ஒன்றுதான். வாடகை இல்லாத ஒரு கூரை. அதற்காகப் பி.எப். பணத்தை எடுக்கிறோம், மனைவி கழுத்து நகை அடகுக்குப் போகிறது, பாங்கிக்கு இருபது வருஷத் தவணை எழுதிக் கொடுக்கிறோம். பால் காய்ச்சிக் குடிபுகுந்து ஆறு மாதம் ஆகவில்லை, நிலைக்கட்டையை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது! மேலே வண்ணப் பூச்சு, அடியில் மண்ணும் கரையானும். விற்ற ஆசாமியைக் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினாய்?" என்கிறார்.

எதைப் பார்த்தோம்? அவர் பூசி மறைத்ததுபோக மிச்சமிருந்ததைத்தானே பார்த்தோம்!

இந்தப் "பார்த்து வாங்கு" நியாயம் சீமையிலிருந்து வந்த பழஞ்சரக்கு. அமெரிக்காவில் விட்டின்ஸ்வில் சேமிப்பு வங்கி 1938-ல் ஒருவருக்கு வீடு விற்றது. கரையான் இருப்பது வங்கிக்குத் தெரியும், சொல்லவில்லை என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். அதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், வெறுமனே வாய் திறக்காமல் இருந்ததற்கு நஷ்டஈடு கிடையாது என்று 1942-ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. வங்கி ஊமை வேஷம் போட்டால் யோக்கியமான வியாபாரமாம்! 1960-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் இன்னொரு கரையான் வழக்கில் இதற்கு நேர்மாறாக, தெரிந்ததை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும் என்றது.

நம் நாட்டில் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான்; ஆனாலும் 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு தெளிவாகப் பேசுகிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி! பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும்.

ஆனால் அதே பிரிவில் ஒரு பொந்தும் உண்டு. வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்தான் இந்தக் கடமை. ஆகவேதான், வாங்குபவர் நேரில் பார்த்துத் திருப்தியடைந்தார் என்று பத்திரத்தில் ஒரு வரியை நுழைக்கிறார்கள். நாளைக்கு வக்கீல் அதைத்தான் தூக்கிக் காட்டுவார். திட்டமிட்டு மறைத்த மோசடியை அந்த ஒரு வரி கழுவிவிடாது என்று நாம் வாதாடலாம். சுவரில் மண்கோடு எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடியிருந்தால் மட்டும் நம் பக்கம் பலவீனம்.

சரி, கோர்ட்டுக்குப் போவது என்றால் சும்மாவா? 18 லட்ச ரூபாய்ப் பத்திரத்தை ரத்து செய்யச் சிவில் கோர்ட்டில் நூற்றுக்கு மூன்று வீதம் 54,000 ரூபாய் கோர்ட்டுக் கட்டணம். ஏமாந்தவனே மறுபடியும் பணம் கட்டவேண்டும்! கட்டி விற்கிற காண்டிராக்டர், பில்டர் என்றால் வேறு வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதே 18 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். கெடு இரண்டு வருஷம். ஒரே மனையில் பத்து வீட்டிலும் கரையான் என்றால், ஆணையத்தின் அனுமதியோடு பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே புகார் போடலாம். தனியாகப் போய் மிரட்டலுக்குப் பயப்படுவானேன்?

தனி ஆளிடம் பழைய வீடு வாங்கியவர்களுக்குச் சிவில் கோர்ட்தான். அங்கேயும் ஒரு விஷயத்தை நம்மவர்கள் அறியாமலே இருக்கிறார்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடங்கும். தாலுகா கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் பெரிதாகப் பேசப்படுகிறது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் குறை தெரிந்தால் பில்டர் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டுமாம். நல்லதுதான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டிடத்துக்கும் பதிவே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். தொழிலாளி வாங்குகிற வீடு அந்த அளவுக்குள்தானே இருக்கிறது! இந்த விலக்கு யாருக்காக?

மாந்தோப்பை வெட்டி மனை போட்டால் வேர்க்கட்டை மண்ணுக்குள் கிடக்கிறது. அதுவே கரையானுக்குத் தீனி. அஸ்திவாரத்திலேயே மருந்து போடும் முறையை இந்தியத் தர நிர்ணயம் 6313 வகுத்திருக்கிறது. விற்கிற ஒவ்வொரு புது வீட்டுக்கும், சிறியதானாலும், மருந்து போட்ட விவரத்தைப் பத்திரத்தோடு இணைக்கச் சர்க்கார் உத்தரவிட வேண்டும். சிறு வீடுகளுக்கான விலக்கு ஒழியவேண்டும்.

இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது இது. முன்பணத்துக்கு முன்னால் கரையான் உண்டா, மருந்து அடித்ததுண்டா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மராமத்துச் செய்யுமுன் போட்டோ எடுத்து, என்ஜினீயர் அறிக்கை வாங்கி, ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.