கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி உடனே கண்டுகொள்வார். முசரவாக்கமானாலும் காஞ்சிபுரமானாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. அதே மனிதர் ஆஸ்பத்திரியில் நீட்டப்படும் சம்மதப் பத்திரத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்திட்டுவிடுகிறார். நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவிடும் வீடுகளும் உண்டு. காஞ்சி மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. இன்னும் ஏன் இந்த ஒளிவு மறைவு?

கல்லீரல் கட்டிக்குச் செய்யப்படும் ‘கீமோ எம்பாலிசேஷன்’ என்ற சிகிச்சையைப் பாருங்கள். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்துச் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. ஆகவே தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைக் கட்டிவரை செலுத்தி, மருந்தைப் பாய்ச்சி, மடையை அடைப்பதுபோல் அந்த இரத்த வழியையும் அடைக்கிறார்கள். தக்க நோயாளிகளுக்கு இது ஆயுளை நீட்டிக்கிறது என்பதை ஹாங்காங்கிலும் பார்சலோனாவிலும் நடந்து 2002-ல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின.

ஆனால் இது எல்லோருக்கும் ஏற்றதன்று. எனவே நோயாளி கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: இது நோயைத் தீர்க்குமா, கட்டுப்படுத்துமா? பெரும்பாலும் கட்டுப்படுத்துவதே நோக்கம். சிலருக்கு மாற்றுக் கல்லீரல் கிடைக்கும்வரை அவகாசம் தரும்.

இரண்டு: என் கல்லீரல் இதைத் தாங்குமா? காமாலை முற்றியவர்களுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், பெரிய சிரை அடைபட்டவர்களுக்கும் தீங்கு நேரலாம்.

மூன்று: பிறகு என்ன ஆகும்? சில நாள் காய்ச்சல், வலி, குமட்டல் சகஜம். காய்ச்சல் விடாவிட்டாலோ, கண் மஞ்சளித்தாலோ, வயிறு வீங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான்கு: எத்தனை தடவை செய்ய நேரும், செலவு எவ்வளவு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா?

நோயாளி சொல்ல வேண்டியதும் உண்டு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, சாப்பிடும் நாட்டு மருந்து எதையும் டாக்டரிடம் ஒளிக்கக் கூடாது.

இவற்றை மகனோ மருமகனோ வராந்தாவில் நின்று விசாரித்தால் மட்டும் போதாது. உடம்பு யாருடையதோ, அவர் காதிலும் பதில் விழ வேண்டும். அதன் பிறகு போடுவதே கையெழுத்து. மற்றது வெறும் மைக்கறை.