17-ஐத் தாண்டினால் விவசாயி மட்டும்தான் பொறுப்பா?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 17 சதவீதம் காட்டினால் நெல் எடைக்குப் போகும். 18 காட்டினால், "காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும் ஐப்பசியில் எங்கே காயவைப்பது? தார்ச்சாலைதான் களம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் பயணம் செய்பவர்கள் சாலையின் பாதியை நெல் அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அது விவசாயி விரும்பிச் செய்யும் வேலையல்ல. ஒரு விதி அவரை அங்கே கொண்டு வந்து நிறுத்துகிறது.

17 சதவீதம் என்ற வரம்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. ஈரநெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். அந்த அரிசி நம் ரேஷன் கடைக்குத்தான் வரும். வரம்பு இருக்கட்டும். அதை மீறினால் என்ன தண்டனை, மேம்பட்டு நின்றால் என்ன வெகுமதி, பிழை வேறொருவருடையதாக இருந்தால் யார் சுமப்பது? இந்த மூன்றிலும் இன்றைய நடைமுறை நியாயமாக இல்லை.

கணக்கைப் பாருங்கள். 18 சதவீத ஈரமுள்ள ஒரு குவிண்டால் நெல்லை 17-க்குக் காயவைத்தால் எடை 98.8 கிலோ ஆகும். கூடுதலாக இருந்த தண்ணீர் 1.2 கிலோ மட்டுமே. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156 ரூபாய், ஆகக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். இந்த விலையில் அந்த 1.2 கிலோவின் மதிப்பு ஏறத்தாழ 30 ரூபாய். உலர்த்தும் செலவையும் சேர்த்து ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு நெல்லை வாங்கிவிடலாம். அப்படிச் செய்யாமல் டிராக்டர் நெல் முழுவதையும் திருப்பி அனுப்புகிறார்கள். 30 ரூபாய் குறைக்கு 2,545 ரூபாயையும் நிறுத்திவைப்பது எந்த அளவுகோலில் நியாயம்? கையில் காசில்லாத விவசாயி அங்கேயே வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

மறுபக்கமும் இருக்கிறது. ஒருவர் பொறுப்பாக 14 சதவீதத்துக்குக் காயவைத்துக் கொண்டுவருகிறார். அவருடைய 100 கிலோவில் இருக்கும் உலர்ந்த நெல், 17 சதவீத ஈரமுள்ள 103.6 கிலோவுக்குச் சமம். அவருக்குக் கூடுதலாக ஒரு பைசாவும் கிடையாது. கூலி கொடுத்துக் காயவைத்துக் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 90 ரூபாயையும் இழந்துவிட்டுப் போகிறார். நன்றாகச் செய்தவருக்கு நட்டம், சற்றே குறைந்தவருக்கு முழுத் தண்டனை என்று வைத்துவிட்டுத் தரமான நெல்லை எதிர்பார்ப்பது எப்படி?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்கும். திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில், உதாரணமாக 2024-இல் ஜூலை 28-இல் திறந்தபோது, நிலைமை இன்னும் நெருக்கடியாகிறது. முன்பு ஆள் விட்டு அறுத்து, கதிர் காய்ந்த பிறகு அடித்தார்கள். இன்று ஆள் இல்லை. இயந்திரம் நிற்கும் பயிரை அறுத்து அன்றைக்கே நெல்லாகக் கொட்டுகிறது. அந்த நெல்லில் ஈரம் இருக்கத்தான் செய்யும். இதில் விவசாயியின் அலட்சியம் எங்கே வந்தது?

2025 அக்டோபர் மழையில் காவிரி டெல்டாவின் கொள்முதல் நிலையங்களில் குவிந்து கிடந்த நெல் நனைந்தது, பல இடங்களில் முளைத்தது. மாநில அரசு வரம்பை 22 சதவீதமாக உயர்த்தக் கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன. நவம்பரில் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. 2022 அக்டோபரில் இதே போன்ற மழையில் 19 வரை தளர்த்தியதும் இதே மத்திய அரசுதான். அறுவடை நடக்கும்போது கடிதம் எழுதி, குழு வந்து, ஆய்வறிக்கை போய், உத்தரவு வருவதற்குள் குறுவையே முடிந்துவிடுகிறது. ஆண்டுதோறும் வரும் மழைக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் எதற்கு? ஈரத்துக்கேற்ற பிடித்தத்தை அட்டவணையாகப் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாமே.

இந்தத் தண்டனை கைமாறும் விதம்தான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. வாங்கிய மூட்டைகளை எடுத்துச்செல்ல லாரி வரவில்லை என்றால் சிப்பங்கள் வெயிலில் கிடந்து காய்கின்றன, எடை குறைகிறது. அந்தக் குறைவை நிலையத்தின் பட்டியல் எழுத்தரிடம் பிடிக்கிறார்கள் என்று ஊழியர்கள் நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். அவர்களில் பலர் பருவகால ஊழியர்கள். லாரி அனுப்பாத தவறு அவர்களுடையது அல்ல. ஆனால் இழப்பை ஈடுகட்ட 40 கிலோ சிப்பத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடுதலாகப் போடச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. மேலிடத்தின் தாமதம் கீழே இறங்கி இறங்கி விவசாயியின் மூட்டையில் வந்து விழுகிறது. இது போக, மூட்டைக்கு இவ்வளவு என்று கையூட்டு. இதை 2020-லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடுமையாகக் கண்டித்தது. ஈரம் 17-ஆ, 18-ஆ என்பதை ஒரே ஒருவர், ஒரே ஒரு கருவியை வைத்து, மேல்முறையீடு இல்லாமல் முடிவு செய்யும்போது கையூட்டுக்குக் கதவு திறந்தே இருக்கும்.

ஒடிசாவிலும் தரத்தைக் காரணம் காட்டி எடையைக் கழிக்கும் வழக்கம் பெரிய பிரச்னை. அங்கே மண்டிகளில் தானியத்தின் தரத்தை அளக்கும் தானியங்கிக் கருவிகளை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கருவி மட்டும் போதாது என்றாலும், விவசாயியின் கண்ணெதிரே அளப்பது நல்ல தொடக்கம்.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும் மத்திய உணவுத் துறையும் சம்பா அறுவடைக்கு முன் செய்யக்கூடியவை இவை. 17-இலிருந்து 22 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் கழிக்கும் தொகையை நிர்ணயித்து, நிலையத்தின் வாசலில் எழுதி வைக்க வேண்டும். 17-க்குக் கீழே காயவைத்தவருக்கு அதே கணக்கில் கூடுதல் தொகை தர வேண்டும். நெல் வந்த நாளிலேயே ஈரத்தை அளந்து, தேதியோடு சீட்டு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு சாக்கு இல்லை, லாரி இல்லை, விடுமுறை என்று காத்திருந்து நனைந்தால் இழப்பு கழகத்தைச் சேர்ந்தது. அளவில் சந்தேகம் வந்தால் வேறொரு கருவியில் மறுமுறை அளக்கும் உரிமை வேண்டும். சிப்பங்களை எடுத்துச்செல்ல நாள் வரம்பு வைத்து, அதைத் தாண்டி வரும் எடைக்குறைவைப் பட்டியல் எழுத்தரிடம் பிடிக்காமல், லாரி ஏற்பாடு செய்யாதவரின் கணக்கில் எழுத வேண்டும். ஈரத்தைக் கழித்து வாங்கும் நெல்லைக் காயவைக்க, நெல் அதிகம் குவியும் நிலையங்களிலாவது உலர்த்தும் இயந்திரம் வேண்டும்.

தை பிறந்தால் சம்பா நெல் வரத் தொடங்கிவிடும். பிடித்தத்துக்கான அட்டவணைக்கு மத்திய அரசின் ஒப்புதல் தேவை, அதை இப்போதே கேட்டுப் பெற வேண்டும். சீட்டு கொடுக்கவும் மறுமுறை அளக்கவும் டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, கழகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.